பல்லக்கு மார்க் வீட்டு ரசம்

பிஸ்கெட்டா? வேண்டாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் கல்லைத் தின்னாலும் செரிக்கும். பிஸ்கெட் பாக்கெட்டைக் கண்டாலே திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்துடுச்சு, அதான் அப்படிப் பார்த்தேன். தப்பா நினைக்காதீங்க. சரி, இம்புட்டு தூரம் நீட்டிட்டீங்க, ஒண்ணு கொடுங்க. விருதுநகர்ல விடியக் கிளம்பினது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ஒரு காபி குடிச்சதோட சரி.

எங்க வீட்டம்மாவுக்குக் கோதுமை ஆகாது. ஆகாதுன்னா, சிலருக்குக் கத்தரிக்காய் தின்னா மேல் அரிக்கும்ல, அந்த மாதிரி இல்ல. இது வேற. சீலியாக்னு பேரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நீங்க கோயமுத்தூரா? கோயமுத்தூர்லயே நிறையப் பேருக்குத் தெரியாது. விருதுநகர்ல எனக்குத்தான் தெரியும். எங்க வியாபாரிகள் சங்கத்துல இதைப் பத்தி நானே பேசியிருக்கேன். கோதுமை உள்ள போனா அவ குடல் அதைச் சாப்பாடுன்னு நினைக்காது, எதிரின்னு நினைச்சுச் சண்டைக்குப் போகும். சண்டையில சேதம் யாருக்கு? குடலுக்குத்தான். திருடனை விரட்டுறேன்னு தன் வீட்டுக்கே தீ வச்ச மாதிரி. இதை நான் சொல்லும்போது கூட்டத்துல ஒரு சத்தம் இருக்காது.

என் பேரு தனுஷ்கோடி. பல்லக்கு மார்க் கூட்டுப் பெருங்காயம் நம்மளதுதான். தெரியாதா? கொங்குப் பக்கம் எங்க சரக்கு வர்றதில்ல. தெக்க சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில்னு கேட்டுப் பாருங்க. எங்கப்பா ஆரம்பிச்சது, நான் பெருசாக்கினது. என் சட்டையில ஒரு வாசம் வருதுல்ல, அதான். எந்தச் சோப்புக்கும் போகாது. பக்கத்து சீட்டுக்காரங்க சில பேர் மூக்கைப் பொத்திக்கிட்டு வேற இடம் பார்த்துப் போயிடுவாங்க. நீங்க தங்கமானவர்.

சொர்ணவல்லிக்கு, அதான் எங்க வீட்ல, ரொம்ப வருஷமா வயிறு சரியில்ல. சாப்பிட்டா உப்பிக்கும், ஓட்டமாப் போகும். உடம்புல ரத்தம் இல்ல. மாடிப்படி ஏறினா நடுவுல உக்காந்துக்குவா. இரும்புச்சத்து மாத்திரை பெட்டி பெட்டியா வாங்கிப் போட்டாச்சு, ஏறினாத்தானே. அல்சர்னார் ஒருத்தர். பூச்சின்னார் ஒருத்தர். ஒருத்தர், இது கவலையில வர்றது, மனசுதான் காரணம்னார். நான் அவரைத்தான் நம்பினேன். இவளுக்கு என்ன கவலைன்னு கேக்குறேன். சொந்த வீடு, ஒரே பையன், அவனும் ஓசூர்ல நல்ல வேலையில இருக்கான். ‘மனசைத் திடமா வச்சுக்கோ, எல்லாம் சரியாப் போகும்’னு தினம் சொல்லுவேன். சில நேரம் கொஞ்சம் சத்தமாவும் சொல்லுவேன். அவ நல்லதுக்குத்தான்.

கடைசியில பையன்தான் வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனான். டாக்டரம்மா சின்ன வயசு. நான் உள்ள நுழையும்போதே நினைச்சேன், இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியப் போகுதுன்னு. ரத்தம் எடுத்தாங்க. வாய் வழியாக் குழாய் விட்டுக் குடல்ல கடுகளவு கிள்ளி எடுத்துச் சோதிச்சாங்க. அப்புறம் எங்களை உக்கார வச்சு ஒண்ணு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. நல்லாத்தான் சொல்லுச்சு. ‘சிறுகுடலோட உள்பக்கம் தலை துவட்டுற தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி, இழை இழையா நிமிர்ந்து நிக்கணும். அதுதான் சத்தை உறிஞ்சும். இவங்களுக்கு இழை பூராவும் தேஞ்சு, பழைய வேட்டி மாதிரி வழவழன்னு கிடக்கு. எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும் எதுல போய் ஒட்டும்?’

‘கோதுமைதான் காரணம்’னு சொன்னதும் நான் சிரிச்சுட்டேன். ‘டாக்டரம்மா, நாங்க தலைமுறை தலைமுறையாச் சோறு திங்கிற ஆளுங்க. வடக்கத்தி வியாதி எங்களுக்கு எப்படி வரும்?’னேன். அந்தப் பொண்ணு, ‘வீட்ல பூரி போடுறதில்லையா? ரவை உப்புமா? சேமியா? பரோட்டா?’ன்னு கேட்டுச்சு. பரோட்டாவுக்கே பேர் போன விருதுநகர்க்காரன்கிட்டப் போய், பரோட்டா உண்டான்னு கேக்குறாங்க பாருங்க. 

சொர்ணவல்லி என்ன செஞ்சா தெரியுமா? அழுதா. ‘அப்ப இது என் மனசுல இல்லையா டாக்டர்? நெசமாவே வயித்துலதான் இருக்கா?’ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. பாவம், வியாதிப் பேரைக் கேட்டுப் பயந்துட்டா. நான்தான் தோளைத் தட்டித் தைரியம் சொன்னேன்.

மருந்து கிடையாது. கோதுமை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் தொடக்கூடாது. அதான் வைத்தியம். ‘ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம். அப்புறமும் விடாமப் பார்க்கணும். வயித்துவலி நின்னுட்டா குடல் ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆறுதா இல்லையான்னு ரத்தம்தான் சொல்லும்’னாங்க. ஏதோ ஒரு அளவு. அவளுக்கு நூத்துக்கு மேல கிடந்துச்சு, பத்துக்குள்ள வரணும்.

அன்னைக்கே நான் பொறுப்பைக் கையில எடுத்துட்டேன். வீட்ல இருந்த ரவை, மைதா, சேமியா அம்புட்டையும் அள்ளி எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். எனக்குப் பரோட்டா வேணும்னா வெளியில போய்த் தின்னுட்டு வாயைக் கொப்பளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன். எத்தனை புருஷன் செய்வான், சொல்லுங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா நேரா அடுப்படிக்கே போய்ச் சொல்லிடுவேன். சிவகாசியில எங்க அக்கா மக கல்யாணம். பந்தியில இலை போட்டதும் நான் எந்திரிச்சு நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, ‘இந்த இலைக்குப் பூரியும் கேசரியும் வரக்கூடாது, இந்தம்மாவுக்கு ஒரு வாய் உள்ள போனாலும் நிக்காமப் போகும்’னு சொன்னேன். பரிமாறுறவங்களுக்கு விவரம் புரியணும்ல. அவ அன்னைக்கு வாழைப்பழம் மட்டும் தின்னா. அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் வர்றதை நிறுத்திட்டா. கூட்டம் பிடிக்காமப் போச்சு அவளுக்கு.

ஆறு மாசம் கழிச்சுப் போனோம். இறங்கியிருக்கு, ஆனா பாதிகூட இறங்கல. டாக்டரம்மா முகம் மாறிச்சு. ‘எதுலயோ கோதுமை உள்ள போகுது. என்னென்ன சாப்பிடுறீங்கன்னு ஒண்ணுவிடாமச் சொல்லுங்க’ன்னாங்க. சொர்ணவல்லி இட்லி, சோறு, தொட்டுக்கிற வெஞ்சனம்னு வரிசையாச் சொல்லிக்கிட்டே வந்தவ, என் முகத்தைப் பார்க்காம, ‘பெருங்காயம் போடுறோம் டாக்டர்’னா.

‘என்ன பெருங்காயம்?’

‘எங்களுதுதான். கூட்டுப் பெருங்காயம்.’

டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்துச்சு. ‘அதுல மைதா சேர்ப்பீங்கல்ல சார்?’

சேர்க்காம? தம்பி, உங்களுக்கு விவரம் சொல்றேன். பெருங்காயம்ங்கிறது காபூல் பக்கம் இருந்து வர்ற பிசின். அதை அப்படியே வாயில வச்சா நாக்கு வெந்துடும். மைதாவும் கருவேலம்பிசினும் சேர்த்துப் பிசைஞ்சாத்தான் மனுஷன் திங்கிற பதத்துக்கு வரும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க, அதுல ஒளிவுமறைவு ஒண்ணும் கிடையாது, டப்பாவுலயே போட்டிருக்கு. ஆனா அந்த மைதாவை மைதான்னு சொல்லக்கூடாது. அது பெருங்காயத்தைத் தூக்கிட்டு வர்ற வண்டி. மாப்பிள்ளை காருல வந்து இறங்குறார்னா, காரா வந்து தாலி கட்டுது?

இதைத்தான் டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். ‘நான் இந்தத் தொழில்ல பிறந்து வளர்ந்தவன். ஒரு குழம்புக்கு எவ்வளவு பெருங்காயம் போடுவாங்க? சுண்டு விரல் நகம் அளவு. அதுல மைதா எவ்வளவு? இது போய் ஒரு மனுஷியை என்ன செஞ்சுடும்?’

அந்தப் பொண்ணு, ‘உங்களை ஒண்ணும் செய்யாது சார். இவங்களைச் செய்யும். நிறுத்திடுங்க’ன்னுச்சு. அவ்வளவுதான். வேற பேச்சே இல்ல. ஒரு மரியாதைக்காவது, உங்க சரக்குல குறை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணவல்லி பெருங்காய டப்பாவைக் கழுவிக் கவுத்துட்டா. பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வச்சா. தம்பி, நான் குறை சொல்லல. கைமணம் உள்ளவதான். ஆனா பெருங்காயம் இல்லாத ரசம் ஒரு ரசமா? குளிச்சுட்டுத் தலை துவட்டாம வந்த மாதிரி இருந்துச்சு. அதுவும் போகட்டும். எங்க வீட்ல! பல்லக்கு மார்க் முதலாளி வீட்டு அடுப்படியில பெருங்காயம் இல்லைன்னு வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்? சங்கத்துல எனக்கு எதிர்ல நிக்கிறவர் ஒருத்தர் இருக்கார், அவரும் பெருங்காயம்தான். அவர் காதுக்குப் போனா போதும், ‘அவன் பொண்டாட்டியே தொட மாட்டேங்கிறா’ன்னு சாத்தூர் வரைக்கும் பரப்பிடுவார். நான் ரெண்டு நாள் சரியாத் தூங்கல.

அப்புறம் எனக்கே ஒரு யோசனை தோணுச்சு. பாருங்க, அவ விடிய எந்திரிச்சுச் சமைச்சு இறக்கி வச்சுட்டுத்தான் குளிக்கப் போவா. அவ குளிக்கிற நேரத்துல நான் உள்ள போய், ஒரு சின்னத் துண்டை வெந்நீர்ல கரைச்சு ரசத்துல ஊத்தி ஒரு கிண்டு கிண்டி மூடி வச்சிடுவேன். குழம்புலயும் ஒரு சொட்டு. அவளுக்கும் ருசி, எனக்கும் ருசி. வீட்டு மானமும் காப்பாத்தினாப்புல இருக்கும். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன் நான், அவளுக்காக விடிய எந்திரிச்சு அதைச் செஞ்சேன்.

சாப்பிடும்போது ஒருநாள், ‘பெருங்காய வாசம் வருதே’ன்னா. ‘என் மேல வராம வேற எங்க வரும்?’னேன். சிரிச்சுக்கிட்டா.

என்ன தம்பி, ஒரு மாதிரிப் பார்க்குறீங்க? ஒரு துண்டுன்னா புளியங்கொட்டையில பாதி. அதுவும் சில நாள்தான் புளியங்கொட்டை அளவு, எங்க ஃபேக்டரியில புதுச்சரக்கு போட்ட நாள்ல. அதோட எனக்கு ஒரு எண்ணம் இருந்துச்சு. உடம்புன்னா பழக்கணும். வெயில்ல நடக்காதவன் ஒருநாள் நடந்தா மயங்கி விழுவான், தினம் நடந்தா பழகிடும். கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா குடலும் பழகிக்கும்ல. இதை எந்த டாக்டரும் யோசிக்கிறது கிடையாது.

அடுத்த சோதனைக்குப் போனோம். அளவு இறங்கலைங்கிறது மட்டும் இல்ல, ஏறிக் கிடந்துச்சு.

டாக்டரம்மா சொர்ணவல்லியை ரொம்ப நேரம் கேள்வி கேட்டாங்க. இவ ஒவ்வொண்ணுக்கும் இல்லை இல்லைன்னா. வெளியில ஒரு காபிகூடக் குடிக்கிறதில்லைன்னா. பெருங்காயத்தை நிறுத்தி எத்தனையோ மாசம் ஆச்சுன்னா. நான் பக்கத்துல உக்காந்து, ஆமா ஆமான்னு தலையாட்டினேன். அவ நிறுத்தினது உண்மைதானே.

அப்புறம் டாக்டரம்மா யோசிச்சு யோசிச்சுச் சொன்னாங்க. ‘நூத்துல ஒருத்தருக்கு, எவ்வளவு பத்தியம் இருந்தாலும் குடல் ஆறாது. அந்த வகை கொஞ்சம் மோசமானது. அதுவான்னு பார்த்துடணும். இப்பவே பயப்படாதீங்க. இன்னும் கொஞ்ச மாசம் ரொம்பச் சுத்தமா இருந்துட்டு வாங்க, மறுபடி குழாய் விட்டுக் குடலைப் பார்ப்போம்.’

பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்னா யாரு பயப்படாம இருப்பா?  மறுநாள்ல இருந்து அவ குழம்பை விட்டா, வெஞ்சனத்தை விட்டா. தனக்குன்னு ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு தட்டு. வெறும் அரிசிக் கஞ்சி, மோர். அவ்வளவுதான் ஆகாரம். கன்னம் ஒட்டிப் போச்சு. பையனுக்குப் போன் போட்டு, ‘உன் கல்யாணத்தை நான் பார்க்கணும், சீக்கிரம் முடிவு பண்ணு’ன்னு பேசிட்டிருந்ததை நானே கேட்டேன். ராத்திரி தலையணை நனைஞ்சிருக்கும்.

என்னால பார்க்க முடியல தம்பி. கஞ்சியைக் குடிச்சுட்டு ஒரு மனுஷி எத்தனை நாள் இருப்பா? அதான் அவ மோர்ல ஒரு சிட்டிகை போட ஆரம்பிச்சேன். மோர்ப் பெருங்காயம் வயித்துக்கு எவ்வளவு நல்லது. வாயுவை எடுக்கும். ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச வைத்தியம்.

சோதனைக்கூடத்து மேலயும் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்த மதுரைக்காரங்க மிஷினே சரியில்ல, ஊசியைக் கழுவாம வச்சிருப்பாங்கன்னு நினைச்சு வேற ஒரு இடத்துல ரத்தம் கொடுக்க வச்சேன். அங்கயும் அதே அளவு காட்டுச்சு. ரெண்டு இடமும் ஒரே கம்பெனி மிஷினா இருக்கும்.

அப்புறம்தான் அந்த விஷயம் நடந்துச்சு. ஒருநாள் பைப்புல தண்ணி நின்னு போச்சு. குளிக்கப் போனவ அப்படியே துண்டோட திரும்பி வந்துட்டா. நான் கையில கிண்ணத்தோட நிக்கிறேன். மோர்ச்சட்டி திறந்து கிடக்கு.

அவ கோவிச்சுக்கலை. அது ஒண்ணு சொல்லணும், சண்டை போடுற பொம்பளை இல்ல அவ. அடுப்படி நிலையில சாஞ்சு நின்னு, ‘எத்தனை நாளா?’ன்னு கேட்டா.

‘தினமும்தான்’னு சொன்னேன். எனக்கு எதுக்குப் பொய்? ‘நீ வாய்க்கு ருசியாச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. அதான். ரொம்பக் கொஞ்சம்தான் போடுறேன்.’

அவ என் கையில இருந்த கிண்ணத்தைப் பார்த்தா. அப்புறம், ‘நான் சாகப் போறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்’னா.

பார்த்தீங்களா, எந்த விஷயத்தை எங்க கொண்டு போறா? நான் ருசியைப் பேசுறேன், அவ சாவைப் பேசுறா. பொம்பளைங்களுக்கு எல்லாமே பெருசுதான். ‘சும்மா இரு, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல’ன்னு சொன்னேன். மோரை எடுத்துத் தொட்டியில ஊத்தினா. ரசத்தை ஊத்தினா. கஞ்சியையும் ஊத்தினா. அதுல நான் ஒண்ணும் போடல, சொன்னேன், கேக்கல. பாத்திரத்தை எல்லாம் கவுத்து வச்சுட்டு, ‘செல்வக்கனி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்’னா. அதான் அவ தங்கச்சி, கோயமுத்தூர் கணபதியில தையல் கடை வச்சிருக்கு. நானே பஸ் ஏத்தி விட்டேன். மாறுதலா இருக்கட்டுமேன்னு.

போன மாசிக்கு முந்தின மாசி அது. ஆமா, ஒரு வருஷம் தாண்டிடுச்சு. நடுவுல ரெண்டு தடவை வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். ‘சோதனை முடியட்டும்’னா. அதுவும் சரிதான், எடுத்த காரியத்தை முடிச்சுட்டு வரணும்ல.

அங்க கோயமுத்தூர்ல ஒரு டாக்டர்கிட்டக் காட்டுறாங்க. முதல் சோதனையிலயே அளவு சடசடன்னு இறங்கிடுச்சு. அடுத்ததுல பத்துக்குள்ள வந்துடுச்சு. ரத்தம் ஏறிடுச்சு, சத்து ஒட்டாம எலும்பும் வலுவில்லாமக் கிடந்துச்சாம், அதுவும் தேறிக்கிட்டு வருது. போன மாசம் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தாங்க. இழை பூராவும் முளைச்சிடுச்சாம். புதுத் துண்டாட்டம் இருக்காம். பையன் போட்டோவே அனுப்பினான். எனக்கு என்ன தெரியும், ஏதோ சிவப்பாத் தெரிஞ்சுச்சு. ஆனா கண்ணுல தண்ணி வந்துடுச்சு, உண்மையைச் சொல்லணும்.

எல்லாம் உங்க ஊர்த் தண்ணிதான் தம்பி. சிறுவாணித் தண்ணின்னா சும்மாவா. நான் அந்த ரிப்போர்ட்டை எடுத்துட்டு மதுரை டாக்டரம்மாகிட்டயே போனேன். காட்டணும்ல, உங்களால முடியாதது தண்ணியால முடிஞ்சுச்சுன்னு. அந்தப் பொண்ணு படிச்சுப் பார்த்துட்டு, ‘ரொம்ப சந்தோஷம். அங்க போய் என்ன மாத்துனாங்க?’ன்னு கேட்டுச்சு.

‘தண்ணியை’ன்னேன்.

‘சமையல் யாரு?’

‘தங்கச்சியும் இவளும்.’

‘பெருங்காயம்?’

‘அந்த வீட்ல போடுறதில்ல டாக்டரம்மா. ருசி தெரியாத குடும்பம்.’

அந்தப் பொண்ணு என்னையே பார்த்துச்சு. ‘அங்க மட்டும் போடுறதில்லையா?’ன்னுச்சு. நான் ரிப்போர்ட்டை வாங்கி மடிக்க ஆரம்பிச்சேன். அப்புறம், ‘இது நல்ல செய்திதான், ஆனா இப்படியே ஆயுசுக்கும் இருக்கணும். ஒரு துளி உள்ள போனாலும் மறுபடி தேய ஆரம்பிச்சுடும்’னாங்க. டாக்டர்னா அப்படித்தான் சொல்லணும். ஆறிடுச்சுன்னா ஆறிடுச்சு. ஆறின புண்ணுக்கு யாராவது கட்டுப் போட்டுக்கிட்டு அலைவாங்களா?

சங்கத்துல சொன்னேன். கை தட்டினாங்க. சங்கத்து மாத இதழ்ல எழுதித் தரச் சொல்லியிருக்காங்க, ‘விடாமுயற்சியால் மனைவியை மீட்ட தொழிலதிபர்’னு தலைப்புகூட யோசிச்சு வச்சிருக்கேன். என் போட்டோவும் பல்லக்கு மார்க் டப்பா போட்டோவும் பக்கத்துல பக்கத்துல வரும். நாளைக்கு வீட்ல விருந்துக்குச் சொல்லியிருக்கேன். சமையல்காரர் வந்து பூரி, கேசரி, வடை, சாம்பார், ரசம் எல்லாம் போட்டுடுவார். இத்தனை வருஷம் வாயைக் கட்டிக் கிடந்தவ, முதல் பூரியை என் கையாலதான் ஊட்டணும். அவகிட்டச் சொல்லல. பார்த்தா அசந்து போயிடுவா.

இல்ல தம்பி, அவ வர்றேன்னு சொல்லல. அதெல்லாம் சொல்லிக்கிட்டா வருவாங்க? போன வாரம் அவளாத்தான் போன் போட்டா. எம்புட்டோ நாள் கழிச்சு. குரலே நல்லாத் தெம்பா இருந்துச்சு, பின்னாடி யாரோ ஏதோ சொல்ல இவ சிரிக்கிறா. இவ சிரிச்சா இப்படித்தான் இருக்குமான்னு நினைச்சேன். கொஞ்சம் சாமான் அனுப்பச் சொன்னா. பையன் வந்து எடுத்துக்குவான்னா. ‘அவன் எதுக்கு, நானே கொண்டு வர்றேன்’னுட்டேன்.

அந்தா மேல தெரியுதே ரெண்டு பெட்டி, அது பூராவும் அவளுதுதான். சேலை எல்லாம். பத்தாவது படிச்ச சர்டிபிகேட்டு. அவங்கம்மா போட்டோ. சீட்டுக்குக் கீழ சாக்குல கட்டியிருக்கிறது தையல் மெஷினோட தலை. அவ தங்கச்சி கடையில ஜாக்கெட் தைச்சுக் கொடுக்கிறா, ஆள் வரிசையில நிக்குதாம். சும்மா உக்காரத் தெரியாது அவளுக்கு. வர்ற வரைக்கும் உதவி பண்ணுவோம்னு நினைக்கிறா. அடுக்கும்போது பார்க்கிறேன், பீரோவுல அவ பக்கம் துடைச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு. ஒரு ரவிக்கை கிடக்கல. ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் நானே நினைச்சேன், தூசி தட்டிப் புதுப் பேப்பர் போட்டு வைக்க வசதியாப் போச்சுன்னு.

பொறுப்பானவ தம்பி. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கே செல்வக்கனி வீட்டுக்காரரை அனுப்புறாளாம். அவர் பெட்டியை வாங்கிக்குவாராம். வீட்டுச் சாவி ஒரு கொத்து அவகிட்ட இருந்துச்சு, அதையும் அவர்கிட்டயே கொடுத்து விடுறாளாம். ‘நீங்க வாங்கிட்டு அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடுங்க, வீடு வரைக்கும் அலைய வேண்டாம்’னா. என் கால்வலி இன்னும் ஞாபகம் இருக்கு பாருங்க அவளுக்கு.

நான் விடுவேனா? வீட்டுக்கே போயிடுவேன். உங்களுக்குக் கணபதி எந்தப் பக்கம்னு தெரியும்ல? இறங்கினதும் எந்த பஸ்னு சொல்லுங்க. செல்வக்கனி வீடு எனக்குச் சரியா அடையாளம் தெரியாது, போன வருஷம் மாத்திட்டாங்க. விலாசம் கேட்டேன், அப்புறம் அனுப்புறேன்னா. கடையைக் கேட்டா யாராவது சொல்ல மாட்டாங்களா?

சாயந்தரம் திரும்புற பஸ்ல ரெண்டு சீட்டுப் போட்டு வச்சிருக்கேன். ஜன்னலோரம் அவளுக்கு. டிக்கெட் போட்டவர்கிட்ட, ஒரு ஆள் வரலேன்னா அந்தக் காசு திரும்பக் கிடைக்குமான்னு கேட்டேன். சும்மாதான் கேட்டேன். கிடைக்காதுன்னுட்டார்.